சிவானுஜாவின் சுடுநீர்ப் பெட்டி

சிவானுஜா சுவிற்சர்லாந்தில், ஷ்லீரன் நகரில் ஒரு ஹீட்டிங் நிறுவனத்தில் குழாய் பொருத்துகிறவள். அக்கா ஞானேஸ்வரியின் கணவர் குகநாதன் சூக்கில் ஓர் உணவகத்தில் சமையல். விடுமுறை கிடைத்தால் அவர் மலையாறுகளுக்குப் பொன் அரிக்கப் போய்விடுவார். ஒருமுறை அவளையும் கூட்டிப்போனார். அரிக்கும் தட்டின் அடியில், கருமணலுக்குள், ஒரு மஞ்சள் துணுக்கு மினுங்கியதைப் பார்த்தவள் அதற்குப் பிறகு விடவில்லை.

இருவருமாக ஒரு பழைய ட்ரெட்ஜைத் திருத்தி எடுத்தார்கள். மிதவையில் ஏற்றிய மோட்டர், ஆற்றடிச் சரளையைக் குழாயால் உறிஞ்சி மேலே தள்ளும். அந்தக் குழாயைப் பிடிக்க ஒருவர் தண்ணீருக்கு அடியில் கிடக்க வேண்டும். பனியாறு உருகி வரும் தண்ணீர் அது. முழு ரப்பர் உடுப்புப் போட்டாலும் இருபது நிமிடத்தில் விரல் மடங்காது.

"அத்தான், மோட்டர்ப் புகையின்ரை சூடு வீணாத்தானே போகுது? அதிலை தண்ணியைச் சுடவைச்சு உடுப்புக்குள்ளை விடலாம்."

"நடக்கிற காரியமோ?"

"செய்து காட்டுறன்."

அந்தக் குளிர்காலம் முழுக்க வேலை முடிந்ததும் நிறுவனத்தின் பட்டறையிலேயே நின்றாள். செப்புக் குழாயைச் சுருட்டிப் புகைபோக்கியைச் சுற்றி அடக்கினாள். முதல் சுருளில் தண்ணீர் ஆவியாகிச் சீறி, அவளுடைய மணிக்கட்டை வேகவைத்தது. இரண்டாவதில் ரப்பர்க் குழாய் உருகிப்போனது. மூன்றாவதில் நடுவே ஒரு பெட்டி வைத்தாள். சுருளிலிருந்து வரும் கொதிநீரும் ஆற்றின் குளிர்நீரும் அதற்குள் கலந்து, சூடு நாற்பது பாகைக்கு இறங்கிய பிறகுதான் ஆளுக்குப் போகும். ஜனவரியில், பனி கொட்டிக் கிடந்த முற்றத்தில், குகநாதன் குழாயைத் தன் உடுப்பின் கழுத்துக்குள் விட்டுப் பார்த்தார்.

"ஐயோ பிள்ளை, நீ எஞ்சினியரடி!" என்று சத்தம் போட்டுச் சிரித்தார்.

ஆற்றில் இறங்க, ஆறு ஓடும் ஊரின் நிர்வாக அலுவலகமான கெமைண்டேயின் அனுமதி வேண்டும். இரண்டு பேருடைய பெயரையும் எழுதி அனுப்பியதாகக் குகநாதன் சொன்னார். ஜூன் மாதம், "இந்த வருஷம் தரேல்லையாம், வாற வருஷம் பாப்பம்," என்றார். அவள் நம்பினாள். பெட்டி அவருடைய கராஜில் இருந்தது.

ஒக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, அடுத்த வருட விண்ணப்பத்துக்குக் கடைசித் திகதி கேட்க அவளே கெமைண்டேக்கு அழைத்தாள். தொலைபேசியில் பேசிய பெண் கோப்பைப் பார்த்துச் சொன்னாள்: அனுமதி ஜூனிலேயே கொடுத்தாகிவிட்டது. நீங்கள் விலகிக்கொண்டதாகத் திரு குகநாதன் எழுதியிருக்கிறார். உங்களுக்குப் பதிலாக அவருடைய பொன் அரிப்போர் கிளப்பைச் சேர்ந்த புரூனோவின் பெயர் இருக்கிறது. இந்த வார இறுதியிலும் இறங்குகிறார்கள்.

மறுநாள் காலை வானை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனாள்.

மிதவை கரையிலிருந்து சில அடி தள்ளிப் புகைத்துக்கொண்டு நின்றது. அவளுடைய குழாய் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. பெட்டியருகே நிற்க வேண்டிய புரூனோ, கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு கிளப்காரர் இருவருக்குத் தட்டில் எதையோ காட்டிக்கொண்டிருந்தார். கத்த வேண்டும் என்றுதான் வந்தாள். ஆனால் பழக்கத்தில் கண் பெட்டிக்குப் போனது. அதன் வெப்பமானி முள் ஐம்பத்திரண்டு பாகையில் நின்றது. குளிர்நீர் உறிஞ்சும் வலையை உதிர்ந்த இலைகள் அடைத்திருந்தன.

சப்பாத்தோடு ஆற்றுக்குள் ஓடினாள். சுடுகுழாயைப் பிடுங்கி எறிந்தாள், அடியில் இருந்தவருக்குச் சைகையாகக் கயிற்றை இரண்டு தரம் இழுத்தாள். குகநாதன் முகமூடியைக் கழற்றிக்கொண்டு எழும்பினார். கழுத்து இரத்தமாய்ச் சிவந்திருந்தது.

"சுடுது! சுடு…" என்றவர் அவளைக் கண்டதும் வாயை மூடினார்.

கிளப்காரர்களில் மூத்தவர் அவளை வியப்போடு பார்த்தார். "இந்தப் பெண்ணுக்கு இந்தக் கருவி தெரியுமா? இவர் செய்ததா?" என்று குகநாதனிடம் ஜெர்மன் மொழியில் கேட்டார்.

"இல்லை, என்னுடையதுதான்," என்றார் குகநாதன், அதே ஜெர்மனில். "மனைவியின் தங்கை. வெல்டிங்கில் கொஞ்சம் உதவினார்."

முழங்கால்வரை நனைந்த கால்கள் அவளுக்குக் குளிரவில்லை. முகம்தான் எரிந்தது.

"ஏன் அத்தான்?"

அவர் தண்ணீரைப் பார்த்தார். "பத்து வருஷமா அந்தக் கிளப்பிலை இருக்கிறன். இவங்கள் என்னோடை கதைச்சதில்லை, பிள்ளை. இதைக் கண்டாப் பிறகுதான் பேர் சொல்லிக் கூப்பிடுறாங்கள்."

"என்னட்டைக் கேட்டிருந்தா நானே தந்திருப்பன். நான் விலகினன் எண்டு ஏன் எழுதினீங்கள்?"

அவர் குனிந்து முகமூடியைத் தண்ணீரில் அலசினார். அவள் வானிலிருந்து ஸ்பானரை எடுத்துவந்து, மிதவையைக் கரைக்கு இழுத்து, மோட்டர் ஆறும்வரை ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். பிறகு நான்கு நட்டுகளைக் கழற்றிச் சுருளையும் பெட்டியையும் வானில் ஏற்றினாள். யாரும் மறிக்கவில்லை.

வழியில் நிறுத்தி அக்காவுக்கு அழைத்துச் சொன்னாள்.

"ஓம். எனக்குத் தெரியும்," என்றாள் ஞானேஸ்வரி.

"எப்ப இருந்து?"

"ஜூனிலை இருந்து. அந்தாளும் பாவமடி, ஒரு இடத்திலையாவது பெரியாளா நிக்கட்டும் எண்டு விட்டனான். நீ கெட்டிக்காரி. உனக்கு இன்னொண்டு செய்யலாம்தானே?"

ஜூனிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவள் அக்கா வீட்டில்தான் சாப்பிட்டாள். அடுத்த வருடம் ஆற்றின் எந்தத் திருப்பத்தில் இறங்கலாம் என்று அந்த மேசையிலேயே படம் கீறிக் காட்டியிருக்கிறாள். அக்கா கேட்டுக்கொண்டே சொதி ஊற்றினாள்.

"என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு எப்பிடி அக்கா சோறு போட்டனி?" என்று கேட்டுவிட்டுத் தொடர்பைத் துண்டித்தாள்.

அதற்குப் பிறகு அவள் அங்கே போகவில்லை. ஜனவரியில் தன் பெயரில் விண்ணப்பம் அனுப்பினாள். இரண்டு வாரத்தில் அது திரும்பி வந்தது. தனியாள் ஆற்றில் இறங்க அனுமதியில்லை, கரையில் நிற்பவரின் பெயரை நிரப்பி அனுப்பவும் என்று எழுதியிருந்தார்கள்.

பெயர்கள் சில மனதில் வந்தன. ஒவ்வொருவரையும், தான் தண்ணீருக்கு அடியில் கிடக்கும்போது பெட்டியருகே மனதுக்குள் நிறுத்திப் பார்த்தாள். விண்ணப்பம் இன்னும், அந்த இடம் வெறுமையாகவே, அவளுடைய சமையலறை மேசையில் கிடக்கிறது.