லம்யாய் அக்காவின் காற்று

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. எங்கள் குடியிருப்பின் நான்காம் மாடியில் இருக்கும் தனாவுட், இனி நூறு நாளைக்கு பிளாஸ்டிக் பையைத் தொடமாட்டேன் என்று குடியிருப்பின் வாட்ஸாப் குழுவில் சத்தியம் செய்தான். அறுபத்தொரு பேர் கைதட்டல் பொம்மை போட்டார்கள். குழாய் ஒழுகுகிறது என்று நான் மாதம் தவறாமல் எழுதுகிறேன், ஒருவர் கைதட்டியதில்லை. ஆகவே அவனைக் கிண்டலடித்து ஒரு கதை எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: பாங்காக்கின் கால்வாய் ஒன்றில் ஓர் ஆமை, மூக்கில் பிளாஸ்டிக் ஸ்ட்ராவோடு... [ஆமையை விட்டுவிடுவோம். எல்லாக் கட்டுரையிலும் அதுதான் சாகிறது.]

இரண்டாம் தொடக்கம்: காலை ஏழு மணிக்குத் தனாவுட் புத்தம்புது டிபன் கேரியருடன் லம்யாய் அக்காவின் குழம்புக் கடைமுன் நின்றான்.

இது நடக்கும் போலிருக்கிறது.

2

எங்கள் குடியிருப்பில் எந்த அறையிலும் அடுப்பு கிடையாது. சந்து முனையில் இருக்கும் லம்யாய் அக்காதான் எங்கள் எல்லோருக்கும் சமையலறை. இரண்டு கரண்டி பச்சை நிறக் கோழிக்குழம்பைப் பிளாஸ்டிக் பையில் விட்டு, ஒரு சுழற்றுச் சுழற்றி, ரப்பர் பேண்டு போடுவாள். பை பந்து மாதிரி உப்பி நிற்கும்.

அன்றும் அப்படியே கட்டினாள். கட்டிய பையைக் கேரியருக்குள் வைத்து மூடினாள்.

“அக்கா, பை வேணாம்னுதானே கேரியர் கொண்டாந்தேன்!”

“அதான் கேரியர்ல வெச்சுட்டேனே.”

“நேரா ஊத்துங்கக்கா.”

“எண்ணெக் கறை புடிச்சுக்கும் தம்பி. புதுசு வேற. தேச்சுத் தேச்சு உன் கைதான் போவும்.”

கேரியரையும் ஒரு பெரிய பையில் போட்டு, இரண்டு பிளாஸ்டிக் ஸ்பூனும் சொருகிக் கொடுத்தாள். முன்பெல்லாம் ஒரு பையோடு போனவன், சத்தியம் செய்த பிறகு இரண்டு பையோடு போனான்.

3

மூன்றாம் நாள் கெஞ்சிக் கூத்தாடி நேராகக் கேரியரில் ஊற்றவைத்தான். அதே இரண்டு கரண்டி. கோழித்துண்டுகள் மூன்றும் முழங்கால் அளவுக் குழம்பில் நின்றன.

வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பின்னால் நின்ற ஒரு நர்ஸ் கேட்டாள்: “இவ்ளோதானா? அப்ப நம்ம பையில மிச்சமெல்லாம் காத்தா?”

எல்லோரும் சிரித்தார்கள். லம்யாய் அக்காவின் முகம் சுண்டிப்போனது. அடுத்த பையை எடுத்தாள். அது அன்று சரியாக உப்பவில்லை.*

* அக்கா சார்பில் ஓர் அடிக்குறிப்பு: காற்று இருந்தால்தான் மோட்டார்பைக்கில் தொங்கும் பை நசுங்காது. இது உண்மை. முழு உண்மையா என்று என்னைக் கேட்காதீர்கள்.

4

மறுநாள் அவன் கேரியரைக் கண்டதும் அக்கா சொன்னாள்: “தீந்துபோச்சு.” பின்னால் பானை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நான்கு நாள் இதே பதில். தனாவுட் கப் நூடுல்ஸுக்கு வந்துசேர்ந்தான். கப் பிளாஸ்டிக், முள்கரண்டி பிளாஸ்டிக், மசாலா வந்த பொட்டலமும் பிளாஸ்டிக். பதினெட்டு டிகிரியில் ஏசி ஓடவிட்டு, கம்பளி போர்த்திக்கொண்டு அதைத் தின்றான். [ஏசியை அடித்துவிடலாமா? இருக்கட்டும். மனுஷன்தானே.]

ஆனால் ஒரு பாத்திரம்தான் கதையில் ஒட்டவே மாட்டேன் என்கிறது. அந்த நர்ஸ். எங்கள் சந்தில் நர்ஸே கிடையாது.

அன்று வரிசையில் அதைக் கேட்டது நான்தான். நாலு பேர் சிரிக்கட்டும் என்று கேட்டேன். அவர்களில் இரண்டு பேர் இப்போது அடுத்த சந்துக் கடைக்குப் போகிறார்கள். அக்கா யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. எனக்கு மட்டும் ஒரு நாளும் குழம்பு தீர்ந்துபோகவில்லை, ஏனென்றால் என் குரல் கேட்டு அவள் திரும்பிப் பார்த்தபோது தெரிந்தது தனாவுட்டின் முகம்தான். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

5

முடிவு அ: எல்லோரும் கேரியர் தூக்கி வருகிறார்கள். வட்டார அலுவலகம் அக்காவுக்குக் கேடயம்... [கொட்டாவி வருகிறது.]

முடிவு ஆ: தனாவுட் சத்தியத்தைக் கைவிட்டு... [மாட்டான். அழுத்தக்காரன்.]

முடிவு இ: வெள்ளிக்கிழமை, கூட்டம் சேருவதற்கு முன். அவனும், பின்னால் நானும் மட்டும்.

“பசிக்குதுக்கா.”

“பையில தரவா?”

“கேரியர்லதான்.”

“கம்மியாத் தெரியும்.”

“பதினோரு வருசமாத் தெரியும்க்கா. தெரிஞ்சுதான் வந்தேன்.”

அக்கா அவனை முறைத்தாள். “தெரிஞ்சும் எதுக்குடா அத்தன பேர் முன்னாடி என்னை மானங்கெடுத்துன?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பின்னால் திரும்பி என்னைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

அக்கா கரண்டியை அவன் கையில் திணித்தாள். “நீயே ஊத்திக்கோ. உனக்கு எது நியாயமோ அது.”

ஒரு கரண்டி ஊற்றினான். இன்னொன்று. மூன்றாவது கரண்டி நிறைந்து பானைக்குமேல் நிற்கிறது. நான்கு நாள் நூடுல்ஸ் வயிறு அவனுக்கு. அக்கா தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஊற்றினானா, திரும்பப் பானையில் விட்டானா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பேனாவை இங்கேயே வைக்கிறேன். எனக்கு முதலில் அக்காவிடம் போய் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது.