பெனால்பா கனவான்களின் கழுத்துப்பட்டை

பெனால்பாவின் பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய் இருபது வருடங்களுக்கு மேலாகியும் ஊர்க் கனவான்கள் அதன் மேல்தான் நடந்துகொண்டிருந்தார்கள். காலையில் பள்ளத்தாக்கைக் கடந்து, எதிர்க்கரை மடாலயத்தில் பூசை கண்டுவிட்டு, வந்த வழியே திரும்புவார்கள். காலுக்குக் கீழே வெறும் காற்று. அதற்கும் கீழே, ஆட்டுக்குட்டி விழுந்தால் சத்தம்கூட மேலே வந்து சேராத ஆழத்தில் ஆறு. பாலத்தில் மிச்சமிருந்தது இரு கரையிலும் நின்ற கல்முனைகள் மட்டும்தான்.

காரணம் கோலீயா. அட்டையை வளைத்து, கஞ்சி போட்ட வெள்ளைத் துணியைப் போர்த்திய கழுத்துப்பட்டை அது. அன்றைய ஸ்பெயினில் கௌரவமான ஆண் எவனும் அது இல்லாமல் வாசற்படி தாண்ட மாட்டான். கறுப்பு அங்கிக்கு மேலே தலை தட்டில் எடுத்து வைத்த மாதிரி நிற்கும். குனிய முடியாது, சட்டென்று திரும்ப முடியாது, சூப் குடிப்பதே பெரும்பாடு. வீதியில் தன் காலைத் தானே பார்த்த கனவான் எங்கள் ஊரில் கிடையாது. பாலம் போன மறுநாள் காலை மருத்துவரும் இன்னும் இரண்டு பேரும் கோதுமை விலையைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார்கள், போய்ச் சேர்ந்தும் விட்டார்கள். அதன் பிறகு பழகிவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். தினமும் நடக்கிற வழியை யாரய்யா நின்று பார்க்கிறான்?

பெண்களுக்குத் தெரியும். அன்று ஆற்றில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தபோது தங்கள் புருஷன்மாரின் காலணி அடிகள் வானத்தில் நடந்து போயின. ஒருத்தி அலற வாய் திறந்தாள். பக்கத்தில் இருந்தவள் ஈரத்துணியால் அதைப் பொத்தினாள். சொன்னால் குனிந்து பார்ப்பார்கள், பார்த்தால் விழுவார்கள் என்பது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் விளங்கியது. பெண்களும், பட்டை கட்டாத இடையர்களும், கோவேறு கழுதைகளோடு சுமைக்காரர்களும் ஆற்றுத்துறை வரை இறங்கி ஏறி, அரை நாள் சுற்றிப் போனார்கள். பெண்களுக்கு உயரம் என்றால் பயம், பெனால்பாக் கோவேறு கழுதைகளுக்குப் பிடிவாதம் அதிகம் என்று கனவான்கள் தீர்மானித்துக்கொண்டார்கள். தீர்மானிப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

பிறகு தலைநகர் மாத்ரிதில் பிரெஞ்சுக்கார இளவரசன் அரியணை ஏறினான். அவனோடு இடுப்பு பிடித்த வண்ணக் கோட்டும், பொய்முடியும், பட்டுக் காலுறையும், லேஸ் வைத்த மெத்தென்ற கழுத்துத்துணியும் வந்து சேர்ந்தன. அந்தத் துணியைக் கட்டினால் தலை எந்தப் பக்கமும் திரும்பும். முதலில் அரண்மனைக்காரர்கள் மாறினார்கள், அவர்களைப் பார்த்து மற்றவர்கள் மாறினார்கள். எங்கள் ஊரில் சிரித்தார்கள், மருத்துவரின் மகன் இனிகோ படிப்பு முடிந்து ஆரஞ்சு நிறக் கோட்டில் திரும்பி வரும் வரைக்கும். பாலத்தில் பாதி தூரம் வந்தவனின் சட்டைக்கையிலிருந்து பொத்தான் ஒன்று அறுந்து விழுந்தது. குனிந்தான். கைநீட்டி வரவேற்க நின்ற அவன் தாய் சபீனாவுக்குக் கத்தக்கூட நேரமில்லை, விழுந்துவிட்டான். கோட்டின் வால்களில் காற்று புகுந்து அவனைத் தூக்கி எறிந்துவிட்டது, பிரெஞ்சுத் துணி மலைக்காற்றுக்கு ஒத்துவராது என்று நகர்சபை கூடி முடிவு செய்தது. அடக்கம் முடிந்த பின் சபீனா துவைக்கும் துறைக்கு வந்து எல்லோர் முகத்தையும் பார்த்தாள்.

“வாயத் தொறக்காம நாமதாண்டி அவனக் கொன்னோம்” என்றாள்.

அங்கிருந்தவர்களில் ஊர் நீதிபதி தோன் ஃபாத்ரிகேயின் மனைவி கித்தேரியாவுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. ஏனென்றால் புது அரசனுக்கு விசுவாசப் பிரமாணம் செய்யக் குவென்கா நகரத்துக்கு வரும்படி அவள் கணவருக்கு அழைப்பு வந்திருந்தது. அரியணை தனக்குத்தான் என்று ஆஸ்திரிய இளவரசன் ஒருவனும் கிளம்பியதில் நாட்டில் சண்டை. கறுப்பு அங்கியும் கோலீயாவுமாகப் போய் நின்றால் ஆஸ்திரியக் கட்சிக்காரன் என்பார்கள், அப்புறம் பதவிக்கு மட்டுமல்ல, தலைக்கே உத்தரவாதமில்லை. ஃபாத்ரிகே கோலீயாவில் பாலம் கடந்து போனார். எதில் திரும்பி வருவார் என்று அவளுக்குத் தெரியும். தடுக்க வழி தெரியவில்லை. ஆள் விட்டு ஆற்றுத்துறை வழியாக வரச் சொன்னால் ஏன் என்று கேட்பார். கேட்டால் வந்து பார்ப்பார். அவள் தினமும் பாலத்தின் முனையில் போய் நின்றாள்.

கிளிப்பச்சைக் கோட்டில் வந்தார். பொய்முடி, சிவப்புக் குதிகால் காலணி, முழங்கால் வரை வெள்ளைப் பட்டு. எதிர்க்கரையில் நின்று ஊரைப் பார்த்து பிரெஞ்சு வணக்கம் ஒன்று வைத்து நிமிர்ந்தார். இடுப்பு வளைந்ததைக் கண்டே ஊர்ப் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அவர் காற்றில் கால் வைத்து நடக்கத் தொடங்கினார். குனியாதீர்கள் என்று சொன்னால் குனிவார். கித்தேரியா சண்டை பிடித்தாள்.

“யாருய்யா அது? எங்க வீட்டுக்காரரு கறுப்புத் துணியிலதான் போனாரு. இந்தக் கிளி யாரு?”

“ஊரு ஒலகமே இப்படித்தான் உடுத்துது. நீ என்னத்தக் கண்ட?”

“எதுவா இருந்தாலும் என் கண்ணப் பாத்துப் பேசுங்க.”

பார்த்துக்கொண்டே பாதி தூரம் வந்தார். மனிதருக்குப் பெருமை தாங்கவில்லை. “கண்ண அப்புறம் பாத்துக்கலாம். காலப் பாரு, அசல் பட்டு” என்று ஒரு காலை நீட்டி, தானும் பார்த்தார்.

காலுறையைப் பார்த்தார், காலணியைப் பார்த்தார், அதற்கும் கீழே பார்த்தார். ஒரு முழம் கீழே இறங்கினார். கித்தேரியா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், புருஷன் பெயரை வீதியில் அவள் உரக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார், அந்த இடத்திலேயே நின்றார்.

“கித்தேரியா, பாலம் எங்க?”

“நம்ம கல்யாணத்துக்கு முந்தின வருஷமே போயிடுச்சு.”

“ஒனக்குத் தெரியுமா?”

“எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது.”

“தெரிஞ்சும் இத்தன வருஷம் என்னப் போக விட்டியா?”

“போறப்பல்லாம் பாத்துக்கிட்டேதான் நின்னேன்.”

கால் வரவில்லை என்றார். கித்தேரியா மரக்காலணியைக் கழற்றினாள். சபீனா ஓடிவந்து அவள் பாவாடையைப் பிடித்தாள்.

“வேணாம்டி. நீயும் போயிடாத.”

“எனக்கு என்னக்கா? கீழ என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதா?”

சொல்லிவிட்டு நன்றாகக் குனிந்து பார்த்தாள். ஆறும், துவைக்கும் கல்லும், கல்லில் கிடந்த துணியும் தெரிந்தன. கால் வைத்தாள். தாங்கியது. மழைக்குப் பின் சேற்று வழியில் போகிறவளைப் போல அடி பார்த்து அடி வைத்துப் போய் அவர் கையைப் பிடித்தாள். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிக் கூட்டி வந்தாள். கரை ஏறியதும் நீதிபதி புல்லில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

செய்தி கேட்ட கனவான்கள் பட்டைகளைக் கழற்றிவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேர் காய்ச்சலில் படுத்தார்கள், மருத்துவர் அதன் பிறகு யாருக்கும் மருந்து கொடுக்கவில்லை. சில வருடங்களில் ஊரே பிரெஞ்சு உடைக்கு மாறியது. ஆண்கள் இப்போது ஆற்றுத்துறை வழியாக அரை நாள் சுற்றித்தான் மடாலயத்துக்குப் போகிறார்கள். பட்டுக் காலுறை சேறாகிறது என்று வருகிற வழியெல்லாம் புலம்பல்.

பெண்கள் நேராகப் போகிறார்கள், கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வம்பு பேசிக்கொண்டு. சபீனா மட்டும் மகன் குனிந்த இடம் வந்ததும் நின்று கொஞ்ச நேரம் கீழே பார்ப்பாள். பின்னால் வருகிறவர்கள் அவளைத் தொந்தரவு செய்வதில்லை, ஒதுங்கி வழிவிட்டுச் சுற்றிக்கொண்டு போவார்கள்.