கேட்காத மணி

பாம்புச் செவிக்காரர் என்றால் இசைப் பத்திரிகை படிக்கிறவர்களுக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக ஒரே தொகுப்பின் சாதா சிடியையும் உயர்தர ஒலித்தட்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டு, எது உசத்தி என்று எழுதுகிறவர். அவர் எழுதினால் எழுதினதுதான், மேல்முறையீடு கிடையாது. போன மாதம் ஒரு புல்லாங்குழல் தொகுப்பைப் பற்றி எழுதினார்: ‘இரண்டுக்கும் கடுகளவு வித்தியாசமில்லை. மேலட்டையை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.’

அந்த வரியால் ஒருத்தியின் வேலை ஊசலாடிக்கொண்டிருந்தது. தட்டைத் தயாரித்த ஒலிப் பொறியாளரைக் கையோடு அழைத்துக்கொண்டு, நிறுவனத்தின் முதலாளியே மத்தியானம் மூன்று மணிக்கு அவர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

“உங்க மெஷின்ல, உங்க முன்னாலயே கேட்டுடலாம் சார்,” என்றார் முதலாளி. “நீங்க எழுதினது சரின்னா இன்னியோட இவங்களை அனுப்பிடுவேன். எனக்கு வளவளன்னு பேசத் தெரியாது.”

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். கொடுத்த தண்ணீரைத் தொடாமல் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

பாம்புச் செவிக்காரருக்கு உள்ளூரப் பெருமைதான். முதலாளியே வாசல் தேடி வந்தால் யாருக்குத்தான் தலை கனக்காது? ஜன்னலைச் சாத்தினார், மின்விசிறியை அணைத்தார், ஃபிரிட்ஜையும் அணைத்தார். “பால் திரிஞ்சா என்னைக் கேக்காதீங்க,” என்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. அறை புழுங்கியது. பிளேயரின் விளக்குகள் மீதெல்லாம் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. கண்ணில் வெளிச்சம் பட்டால் காது சோம்பேறியாகிவிடும் என்பது அவர் சித்தாந்தம். வாசகர்களுக்கும் அதையே உபதேசம் பண்ணியிருந்தார்.

“மூணாவது நிமிஷத்துல குழல் நிக்கும் சார்,” என்றாள் அவள். “அங்க ஒரு சின்ன மணி. சிடிக்காக இரைச்சலைக் கழிச்சப்போ அதுவும் சேர்ந்து போயிடுச்சு. உயர்தரத் தட்டுல அதைத் தொடாம அப்படியே விட்டிருக்கேன்.” பிறகு சத்தம் அளக்கும் கருவியை எடுத்து இரண்டு தட்டுகளையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தாள். சத்தம் துளி கூடினாலும் அதுதான் நன்றாயிருப்பதாகத் தோன்றும். தொழில் தெரிந்தவள்தான் என்று அவரே மனதுக்குள் ஒப்புக்கொண்டார்.

முதலில் சிடி ஓடியது. மணி இல்லை. அடுத்து அவள் தட்டு. குழல் நின்றது, நிசப்தம், மறுபடி குழல். மணி இல்லை.

முதலாளி பெருமூச்சு விட்டார். அவள் முகத்தில் ஈயாடவில்லை. தட்டை வெளியே எடுத்து எண்ணைப் பார்த்தாள், அவளுடையதேதான்.

“சார், தப்பா நினைக்காதீங்க. இந்தத் தட்டுல சாதா சிடி ஒலி ஒண்ணு, உயர்தர ஒலி ஒண்ணுன்னு ரெண்டு அடுக்கு இருக்கு. மெஷின் உயர்தர அடுக்கைத்தான் படிக்குதா?”

“இருபத்திரண்டு வருஷமா இதைத்தான் பண்றேன்மா,” என்றார் வெடுக்கென்று. “என்கிட்டயே பாடம் நடத்தாதே.”

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று வாய்வரை வந்தது. அதற்குள் வேறொன்று ஞாபகம் வந்து தொலைத்தது. மூன்று மாதத்துக்கு முன் ஒரு தட்டு திக்கித் திக்கி ஓடியது. சிடி அடுக்கிலாவது ஓடுமா பார்க்கலாம் என்று பின்னால் இருந்த பொத்தானை மாற்றினார். திரும்ப மாற்றினாரா?

“சரி சார், எனக்குப் புரிஞ்சுடுச்சு,” என்று முதலாளி எழுந்தார். அவளும் தலையைக் குனிந்தபடி எழுந்தாள். “நான்தான் எங்கேயோ கோட்டை விட்டுட்டேன் போல,” என்றாள்.

சும்மா இருந்திருந்தால் போதும். இருவரும் படியிறங்கிப் போயிருப்பார்கள், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. படுபாவி மனசு கேட்கவில்லை.

“உக்காருங்க,” என்றார்.

பிளேயரிடம் போய் டேப்பைக் கிழித்தார். சிடி அடுக்குக்கான பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“தப்பு என்னுதுதான். பொத்தானை மாத்தி வெச்சிருக்கேன். மூணு மாசமா எல்லாத் தட்டையும் இதுலதான் கேட்டிருக்கேன்.”

முதலாளி மறுபடி உட்கார்ந்தார். அவள் தட்டைத் திரும்ப உள்ளே வைத்தாள். அவமானமாக இருந்தாலும் பாம்புச் செவிக்காரருக்கு ஒரு நிம்மதி. யானைக்கும் அடி சறுக்கும்; பொத்தான்தானே சறுக்கியது, காது இல்லையே. பொத்தானை அழுத்தினார். நீல விளக்கு வந்தது. அவள் மறுபடி சத்தத்தை அளந்து சரிபார்த்தாள். தட்டு ஓடியது.

மூன்றாவது நிமிடம். குழல் நின்றது.

அவர் காத்திருந்தார். முதலாளியின் புருவம் உயர்ந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இன்னும் வரவில்லையே என்று அவர் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்போதே மறுபடி குழல் ஆரம்பித்துவிட்டது.

சமையலறை வாசலில் மனைவி ஈரக்கையோடு நின்றாள்.

“இந்தப் பாட்டுல மணி இருந்துச்சா? மூணு வாரமா இதையே போட்டு உயிரை வாங்கினீங்க, ஒருநாளும் கேக்கலையே. நல்லா இருக்குங்க.”

“அருமைம்மா,” என்றார் முதலாளி அந்தப் பெண்ணிடம். பிறகு இந்தப் பக்கம் திரும்பினார். “இப்போ கேட்டுதுல்ல சார்?”

ஆமாம் என்று தலையசைத்தால் ஆயிற்று. அவள் வேலை நிலைக்கும், இவர் பெயரும் நிலைக்கும். அவள் நன்றியோடு அவரைப் பார்த்தாள். அவருக்கு அதைத் தாங்க முடியவில்லை.

“எனக்குக் கேக்கலை,” என்றார்.

மனைவி சிரித்தாள். “விளையாடாதீங்க.”

“நிஜமாத்தான். மணி அடிச்சதே எனக்குத் தெரியாது. பொத்தானை அன்னிக்கே சரியா வெச்சிருந்தாலும் அதே வரியைத்தான் எழுதியிருப்பேன்.” பேனாவை எடுத்து நோட்டைத் திறந்தார். மனைவியிடம் திரும்பினார். “திருத்தம் போடணும். நீ சொல்லு, நான் எழுதறேன். எப்படி இருந்துச்சு அது? எவ்வளவு நேரம் கேட்டுச்சு?”

மனைவியின் சிரிப்பு நின்றது. வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ரொம்ப நேரங்க,” என்றாள்.