இருபத்தெட்டு காலிக் கட்டங்கள்

விளக்கு அணைந்ததும் இசைக்குழுவுக்கு நோட்ஸ் எழுதுகிறவள் நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தாள். பதினெட்டு வருடமாக அடுத்தவர் இசையைப் பிரதியெடுத்தே விரல் காய்த்துப்போனவள். அவளே சொந்தமாக எழுதிய இசை இன்று ஒத்திகையில் முதல்முறையாகத் திரையோடு சேரப்போகிறது. மாலைக் காட்சிக்கான அழைப்பிதழில் அவள் பெயர்கூட அச்சாகிவிட்டது.

அந்த வாய்ப்பும் ஒரு குறையால் வந்ததுதான். புதுப்பித்த ஊமைப்படத்தின் பழைய இசைத்தாள்கள் பெட்டியோடு கிடைத்தபோது, கயிற்றுப்பாலச் சண்டைக்கு நடுவில் இருபத்தெட்டு கட்டங்கள் காலியாக இருந்தன. வயலின், குழல், டிரம்ஸ் என்று எல்லார் தாளிலும் அதே காலி. அது முடிகிற இடத்தில் பென்சிலில் ஒரே சொல்: ‘உட்காரவும்’.

“உக்காந்துதானே வாசிக்கிறோம்? எழுதின மனுஷனுக்கு அன்னைக்குக் கொஞ்சம் ஏறிப்போச்சு போல,” என்று டிரம்ஸ் வாசிக்கும் அண்ணன் சிரித்தான். “விட்டுட்டுப் போயிட்டாரு. நீ ரொப்பிடு.”

அவளிடம் இருந்த படத்தின் பழைய நகலில் அந்த இடம் முழுக்கக் கீறல். அந்தக் கீறல் மழைக்கு நடுவே ஏதோ கறுப்பாக விழுவது மட்டும் தெரிந்தது. கதாநாயகன் ஆற்றில் குதிக்கிறான் என்று எடுத்துக்கொண்டு, டிரம்ஸ் அதிர, குழல்கள் துள்ள, வெற்றி முழக்கமாக எழுதினாள். அந்தப் பென்சில் சொல்லை மட்டும் பிரதியில் சேர்க்கவில்லை.

இப்போது திரை துடைத்துவைத்த கண்ணாடிபோல் இருந்தது. கயிறு அறுந்தது. கதாநாயகனுக்குப் பதிலாக அவன் கோட்டைப் போட்டிருந்த ஒருவன் விழுந்தான். தண்ணீரில் விழவில்லை, பாறையில். அவளுடைய முழக்கம் அச்சுப் பிசகாமல் அந்த நொடியில் தொடங்கியது. அவன் கை ஒருமுறை மேலே எழுந்து, மடிந்தது. திரையின் ஓரத்திலிருந்து வேஷம் போடாத சாதாரணச் சட்டைக்காரர்கள் நாலைந்து பேர் தலைதெறிக்க ஓடிவந்தார்கள். அடுத்த காட்சியில் கரைமேல் கதாநாயகன் சிரித்துக்கொண்டு நின்றான். தலைமுடி நனையவே இல்லை.

“நிறுத்துங்க!”

அது தன் குரல்தான் என்று அவளுக்கே பிறகுதான் தெரிந்தது.

“என்னம்மா? தாளம் கச்சிதமாத்தானே விழுந்துச்சு?” என்றார் குழுத்தலைவர்.

“சார், அந்த ஆள்… நிஜமாவே விழுந்துட்டார் சார்.”

அண்ணன் கையிலிருந்த குச்சிகளையே பார்த்தான். “நான் எவ்வளவு குஷியா அடிச்சேன், கண்ணு.”

அவள் பையிலிருந்து பழைய தாளை எடுத்து நீட்டினாள். “உக்காரணும்னு போட்டிருக்கே சார். அப்ப, அதுவரைக்கும் அந்த ஆளுக்காக வாசிக்காம எழுந்து நின்னிருக்காங்க.”

தலைவர் தாளை வாங்கிப் பார்த்தார். “இதை எடுத்துட்டா நீ எழுதினதுன்னு ஒண்ணுமே இருக்காதும்மா. நீயே சொல்லு.”

தான் எழுதியதை அடித்துவிட அவள் பென்சிலை எடுத்து அண்ணனுடைய தாளில் வைத்தாள். முனை கட்டத்தைத் தொட்டது, கோடு ஓடவில்லை.

மேலே சிறு ஜன்னலிலிருந்து படம் போடுகிறவர் கேட்டார்: “பாலத்துலேருந்து மறுபடி போடவா?”

பதிலுக்குக் காத்திராமல் போட்டுவிட்டார். கயிறு அறுந்தது. அண்ணனின் குச்சிகள் அந்தரத்தில் நின்றன. இருட்டில் ஒரு நாற்காலி பின்னால் நகரும் ஓசை, அப்புறம் இன்னொன்று. திரையில் அந்தக் கை மேலே எழுந்துகொண்டிருந்தது.