முடி இறக்கும் வரைக்கும்

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. மேல ஒரு வார்த்த வந்துச்சுன்னா உம் புருசன நீயே ஜெயிலுக்கு அனுப்பின மாதிரி. அவன் உள்ள போனா இந்தப் புள்ளய யாரு தூக்கினு திரியறது?"

வக்கீல் கிருஷ்ணப்பா கடைசிக் கேள்வியைத்தான் அழுத்திக் கேட்டார். ரத்தினம்மா தலையாட்டினாள். புத்தூர் கோர்ட்டு வராந்தாவின் மறுகோடியில் அவள் புருஷன் உமாபதி நின்றிருந்தான். தோளில் மகள் மல்லிகா. ஆறு வயதுப் பிள்ளையை யாரும் தோளில் சுமப்பதில்லை. மல்லிகாவுக்கு வலது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. திருப்பதியில் மொட்டையடித்த அன்று நடந்த விபத்து. தலையில் முடி மட்டும் வளர்ந்துவிட்டது.

வக்கீல் சொல்லிக்கொடுத்தது பொய்யாக இருந்திருந்தால் ரத்தினம்மாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அத்தனையும் நிஜம். நகரி நூல் வியாபாரியிடம் கார் ஓட்டிய உமாபதி விபத்துக்கு முன் ஒரு வருடமாகச் சாராயத்தைத் தொடவில்லை. மதுவிலக்குச் சட்டத்துக்குப் பயப்படாதவன், உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி ஏழுமலையான் பேரில் செய்த சத்தியத்துக்குப் பயந்தான். நெசவுத் தெரு முழுக்க அறிந்த சேதி அது. விபத்தன்று அவனைச் சோதித்த டாக்டருக்கு அடித்த நெடி காயத்துக்குப் போட்ட ஸ்பிரிட் நெடிதான் என்று வக்கீல் ஏற்கெனவே வாதாடியிருந்தார். பாக்கி, மனைவி வாயால் ஒரே ஒரு ஆமா.

அவளுக்கு மட்டும் தெரிந்த சேதி இன்னொன்று இருந்தது. அன்று கற்பூரம் எரிய எரிய அவன் கேட்டான்: "எது வரைக்கும்டி?" கை பொசுங்கிவிடுமே என்ற பதைப்பில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்: "புள்ளைக்கு மலையில முடி எறக்குற வரைக்கும்." அதற்குள் குடியே மறந்துபோய்விடும் என்று கணக்குப் போட்டாள். முதலாளி குடும்பத்தைத் திருப்பதியில் விடக் கார் போகிறது என்றதும், பிள்ளையை அனுப்ப அவசரப்பட்டவளும் அவள்தான். அவள் அப்போது வீட்டுக்கு விலக்கு, மலையேறக் கூடாது. "நீயும் கூட வரச்சொல்ல அப்போ போலாமே" என்றான் உமாபதி. அவள் கேட்கவில்லை.

முடி இறக்கியாயிற்று. சத்தியம் முடிந்தது. மலையிறங்கி வந்தவன் நாராயணவனத்துக்கு இப்பால் சாராயம் கிடைக்கும் ஒரு தோப்பில் காரை நிறுத்தினான். அப்புறம் புளியமரம்.

கூண்டில் ஏறியதும் வக்கீலின் கேள்விகள் மளமளவென்று வந்தன. குடியை விட்டானா? ஆமா. சாமி பேரில் சத்தியம் செய்தானா? ஆமா. வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார். மாஜிஸ்டிரேட் நெற்றியில் நாமம் போட்டவர். பேனாவை வைத்துவிட்டுத் தெலுங்கில் கேட்டார்: என்னவென்று சத்தியம் செய்தான்?

ரத்தினம்மா திரும்பிப் பார்த்தாள். குமாஸ்தாவின் பெஞ்சில் மல்லிகா வாயில் விரலோடு உட்கார்ந்திருந்தாள். நேற்று அவளைக் குளிப்பாட்டிக்கொண்டே உமாபதி சொன்னது காதில் ஓடியது. "கேஸ் தள்ளுபடி ஆச்சுன்னா லைசென்சு தப்பிக்கும். வேற மொதலாளிகிட்ட வண்டி கெடைக்கும். கொயந்தைக்கு இன்னொரு வாட்டி முடி நேந்துக்கலாம். அது வரைக்கும் தொடமாட்டேன், சத்தியம்." முகம் முழுக்க நம்பிக்கை. பிள்ளையின் தலையில் சொம்புத் தண்ணீரை மெதுவாகத்தான் ஊற்றினான். ஒரு சொட்டு கண்ணில் படவில்லை.

"முடி எறக்குற வரைக்கும்னு சத்தியம் பண்ணாரு, சாமி," என்றாள் ரத்தினம்மா தமிழிலேயே. "எறக்கியாச்சு."

வக்கீல் எழுந்தார். மாஜிஸ்டிரேட் கைகாட்ட, உட்கார்ந்தார். குமாஸ்தா அதைத் தெலுங்கில் சொல்லி முடிக்கும்வரை உமாபதி தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மத்தியானம் தீர்ப்பு. ஆறு மாதக் கடுங்காவல், லைசென்ஸ் ரத்து. போலீஸ்காரர் கையைப் பிடித்தபோது உமாபதி அவளிடம் ஒன்றுதான் கேட்டான்.

"இன்னாத்துக்குடி சொன்ன?"

"இன்னொரு வாட்டி மலைக்கு எதக் குடுப்ப?"

மல்லிகா தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டினாள். போலீஸ்காரர் நல்ல மனுஷர், சற்று நின்றார். உமாபதி பிள்ளையின் கைகளை ஒன்றாகச் சேர்த்து அதன் மடியிலேயே வைத்துவிட்டு நடந்தான்.

நகரி பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டுதான் கிடைத்தது. ரத்தினம்மாவுக்குத் தோளும் இடுப்பும் கழன்றுவிடும்போல் வலித்தது. ஸ்டாண்டு வரைக்குமே இரண்டு இடத்தில் இறக்கி வைத்துத் தூக்க வேண்டியிருந்தது. இனி ஆஸ்பத்திரிக்கும் குளத்துக்கும் இதே இடுப்புதான். முன்சீட்டு ஆள் பக்கத்து ஆளிடம், எல்லை பிரிக்கையில் நகரி மெட்ராஸ் பக்கம் போகும், போகாது என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்.

பஸ் உறுமிக் கிளம்பியது. மல்லிகா கழுத்தை எக்கி, காக்கிச் சட்டை போட்ட டிரைவரின் முதுகைப் பார்த்தாள்.

"நைனாவாம்மா?"

ஆசையில் கேட்கிறாளா, பயத்தில் கேட்கிறாளா என்று ரத்தினம்மாவுக்குத் தெரியவில்லை. "இல்லடா கண்ணு. வேற ஆளு."

சாலையோரப் புளியமரங்கள் நெருங்கி வந்தன. ஒவ்வொரு வளைவிலும், இருந்த ஒற்றைக் காலால் எதிரே இருந்த பலகையை மல்லிகா பலங்கொண்ட மட்டும் மிதித்துக்கொண்டே வந்தாள்.