பட்டாளத்துக்காரருக்கு ஒரு இடம்

ராணுவத்தில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்து, ஹவில்தாராக ஓய்வுபெற்று வந்த ஜெயகணேஷுக்குத் தூத்துக்குடியில் கிடைத்தது உப்புக் கிடங்கு ஒன்றில் காவல் வேலை. லாரிக்காரர்கள் "வாட்ச்மேன்" என்று கூப்பிடுவார்கள். "எக்ஸ் சர்வீஸ்மேன்" என்று அவர் திருத்துவார். யாரும் காதில் வாங்கியதில்லை. பனியில் நின்று கெட்டுப்போன இடது முழங்காலைவிட இதுதான் அவரை அதிகம் வருத்தியது.

"நாம அங்கன நின்னதாலதான இவனுவ இங்கன தூங்குதானுவ. கொஞ்சமாவது நன்றி இருக்கா?" என்று மனைவி அனுசியாவிடம் சொல்வார். அவள் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தாள்.

ஒரு சித்திரை வெயிலில் திருச்செந்தூரிலிருந்து தூத்துக்குடிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார். ஆத்தூரில் வெற்றிலைக் கூடைகளோடு ஒரு கூட்டம் ஏறியது. நெரிசலில் முழங்கால் மடங்கியது. பக்கத்து சீட்டில் ஒரு வாலிபன் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் தோளைத் தட்டினார்.

"ஏலே, எந்திரி. நான் பட்டாளத்துக்காரன்."

அவன் சிவந்த கண்களைத் திறந்தான். "அதுக்கு?"

"உனக்காக எல்லையில நின்னவன்லே."

"நான் நிக்கச் சொன்னேனா? சம்பளம் வாங்காமலா நின்னீரு?"

முன் சீட்டிலிருந்து யாரோ செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஜெயகணேஷ் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் அவன் சட்டென்று எழுந்தான்.

"காலு முடியலைன்னு சொல்லியிருந்தா அப்பமே எந்திரிச்சிருப்பேன், அண்ணாச்சி. இருங்க."

தூத்துக்குடி வரைக்கும் அவர் உட்கார்ந்து வந்தார். அவன் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கினான்.

'ராணுவ வீரரை அவமதித்த இளைஞன்' என்ற தலைப்போடு அந்த வீடியோ சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பரவியது. சம்பளம் பற்றிய பேச்சோடு அது முடிந்துபோயிருந்தது. அடுத்த நாளே லாரிக்காரர்கள் அவரை "சார்" என்றார்கள். சொந்த ஊரான உடன்குடியில் கூட்டம் போட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கோடு வந்த ஒருவன், "அப்ப உங்க மனசு எப்படி இருந்துச்சு சார்?" என்று கேட்டான். "கண்ணு கலங்கிட்டு" என்றார். அதற்குப் பிறகு பஸ்ஸில் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. அனுசியாதான் கேட்டாள்.

"கடைசி வரைக்கும் அந்தப் பையன் எந்திரிக்கவே இல்லியா?"

"எந்திரிச்சான், எந்திரிச்சான்."

"அதை அங்க சொன்னீங்களா?"

"கேட்டாத்தான சொல்ல" என்று பொன்னாடையை மடித்து பீரோவில் வைத்தார்.

அந்த வாரமே இன்னொரு வீடியோ வந்தது. அதே வாலிபன் மண்ணில் முழங்காலிட்டிருந்தான். உதடு கிழிந்திருந்தது. வலது கண் வீங்கி மூடியிருந்தது. சுற்றி நின்றவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. "பேரைச் சொல்லி மன்னிப்புக் கேளுலே" என்று ஒரு குரல் அதட்டியது. "திரேஸ்புரம் அமலன். மன்னிச்சிருங்க" என்றான். கீழே வரிசையாகக் கைதட்டல் படங்கள். ஜெயகணேஷ் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

விடிந்ததும் மீனவர் குடியிருப்பான திரேஸ்புரத்துக்கு விசாரித்துக்கொண்டு போனார். அமலனின் அம்மா ஞானபாய் வாசலில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அமலன் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். துறைமுகத்தில் சரக்கு இறக்குகிற வேலை போய்விட்டது. வலது கண்ணில் இனிப் பார்வை வராது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"நான்தான்மா, அன்னைக்கு பஸ்ஸுல..."

"தெரியும். போன்ல பாத்தேன்." அவள் மீனிலிருந்து கையை எடுக்கவில்லை. "மணப்பாட்டுல அவன் சித்தப்பாவை அடக்கம் பண்ணிட்டு வந்தான். ரெண்டு நாளாத் தூக்கமில்ல அவனுக்கு. நீங்க உக்காந்துதான வந்தீய?"

"ஆமா."

"அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தா எம்பிள்ளைக்குக் கண்ணு இருக்கும்லா."

அவர் உள்ளே பார்த்து, "அமலா" என்றார். அவன் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அனுசியாவைப் போனைப் பிடிக்கச் சொல்லிப் பேசினார். "அந்தப் பிள்ளை எனக்கு எந்திரிச்சு இடம் கொடுத்தான். நான் அதை மறைச்சிட்டேன். எல்லாரும் மரியாதை குடுத்தது எனக்குப் பிடிச்சிருந்தது. தப்பு என் மேலதான்." அந்த வீடியோவும் பரவியது. 'அவமானப்படுத்தியவனையும் மன்னிக்கிற மனசு', 'இவர்தான் வீரர்', 'ஜெய்ஹிந்த் ஐயா' என்று வந்துகொண்டே இருந்தன. 'நான் மன்னிக்கவில்லை, நான்தான் மன்னிப்புக் கேட்கிறேன்' என்று ஒவ்வொன்றுக்கும் கீழே எழுதினார். அதற்கும் இதயப் படங்கள் போட்டார்கள்.

மறுபடியும் திரேஸ்புரம் போனபோது, வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். ஞானபாயின் வீட்டில் படுக்கை சுருட்டிக் கிடந்தது.

"கர்நாடகாவுல மல்பேக்குப் போயிட்டான், மீன்பிடி போட்டு வேலைக்கு" என்றாள். "அங்க யாருக்கும் அவனைத் தெரியாதாம். அது போதும்னு சொல்லிட்டுப் போனான்."

"நான் என்ன செய்யணும்னு சொல்லுங்கம்மா. செய்யுதேன்."

"இனி இங்க வராதீங்க ஐயா. நீங்க வந்தா தெருவே எந்திரிச்சு நிக்கு. எம்மவனை இழுத்துட்டுப் போகும்போது இதுல ஒருத்தனும் எந்திரிக்கல."

மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு அவள் உள்ளே போய்விட்டாள். தெருமுனையில் ஒரு ஆள் பைக்கை நிறுத்தி இறங்கி, விறைப்பாக அவருக்கு சல்யூட் அடித்தான். "வேண்டாம்யா, வேண்டாம்" என்றார் ஜெயகணேஷ். அதையும் அவன் அடக்கம் என்றே எடுத்துக்கொண்டான்.