மூச்சு எடுக்கும் இடம்

மூன்றாவது முறையும் அப்பா அதே இடத்தில்தான் மூச்சு எடுத்தார். அம்மா மருந்து ஸ்பூனால் எவர்சில்வர் டம்ளரைத் தட்டினாள். டிங்.

சாத்தியிருந்த கதவுக்கு அந்தப் பக்கம், தட்டுச் சத்தம் கேட்ட பிறகுதான் கிளாரினெட் அடுத்த ஸ்வரத்துக்குப் போனது. எட்டு மாதமாக இப்படித்தான். மூச்சு, டிங், அடுத்த ஸ்வரம். மூன்றும் ஒன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டன.

"உங்க ரெண்டு பேருக்கும் வேற வேலையே இல்லையா?" என்றாள் மகள், ஆக்சிஜன் சிலிண்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டே.

"எனக்கு மிச்சம் இருக்கிற வேலையே இதுதான், பட்டதாரி."

இதைச் சொல்வதற்குள் அம்மாவுக்கு இரண்டு தரம் மூச்சு இரைத்தது. அந்த வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் மகள். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பட்டம் வாங்கி வந்த நாளிலிருந்து அம்மா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'பட்டதாரி'தான். பாதி பெருமை, பாதி குத்தல். எந்த நேரத்தில் எந்தப் பாதி என்று முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

"சத்தியம் பண்ணியே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா."

"நான் போனா அந்தக் கருமத்தை வாசிக்கக் கூடாது. பாட ஆள் இருந்தா பாடட்டும். இல்லைன்னா எல்லாரும் வாயைப் பொத்திக்கிட்டு உக்காரட்டும். சும்மா இருக்கறதுல ஒரு கேவலமும் இல்ல."

"நீ இப்ப சும்மா இரு. பேசினா இழுக்குது பாரு."

"நான் சும்மா இருந்தா உங்கப்பனுக்குத் தாளம் யாரு போடுவா?" என்று அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க ஐந்து நிமிடம் ஆனது. அதற்குள் அப்பா இரண்டு தரம் அந்த இடத்தைக் கடந்தார். இருமலுக்கு நடுவிலும் அம்மா ஸ்பூனை விடவில்லை.

அந்தக் கருமம் ஒரு கோரஸ் பாட்டு. முந்நூறு வருடத்துக்கு முந்திய ஐரோப்பிய பரோக் காலத்துப் பாட்டு, நான்கு வகைக் குரலுக்கு எழுதியது. ஊர் ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்ந்து நாற்பது பேர் பாடிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் வேலைக்குப் போகும் சனம். தையல்காரி, தபால்காரர், பால் கடைக்காரர். அம்மா கீழ்க்குரல் வரிசையில் இரண்டாவது ஆள். பிறகு வாத்தியக் குழுவை நடத்தப் புதுக் கண்டக்டர் வந்தார். பியானோவிலேயே வளர்ந்தவர். பெரிய பெரிய தேவாலய ஆர்கனுக்கு எழுதிய பழைய இசையை எல்லாம் எழுபது வாத்தியத்துக்குப் பங்கு போட்டு மாற்றி எழுதினார். கைதட்டல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. பத்திரிகையில் படம் வந்தது. ருசி கண்டவர், அடுத்து கோரஸ் பாட்டுகளில் கை வைத்தார். பாடகர்களுக்கு ஜலதோஷம் பிடிக்கும், பிள்ளை பிறக்கும், வாத்தியத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது என்று கூட்டத்தில் சொன்னாராம். எல்லோரும் சிரித்தார்களாம். மறுவாரம் நாற்பது பேருக்கும் இரண்டு வரிக் கடிதம் வந்தது.

மேல்குரல் வயலினுக்குப் போனது. கீழ்க்குரல் கிளாரினெட்டுக்கு. கிளாரினெட் வாசிப்பது அப்பா.

அம்மா என்ன செய்வாள்? அதே அரங்கத்தின் அடித்தளத்தில் சலவை அறை இருந்தது. அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். எழுபது கறுப்புக் கோட்டுக்கு இஸ்திரி போடுகிற வேலை. மேலே மேடையில் அவளுடைய வரியை அவளுடைய புருஷன் ஊதுவார், கீழே அவள் அவருடைய காலரை மடிப்பாள். இருபத்திரண்டு வருடம் அந்த நீராவியையும் சலவை மருந்தையும் இழுத்து இழுத்து, நுரையீரல் செருப்புத் தோல் மாதிரி ஆகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஒரு சினிமா டிக்கெட்டைக் கிழிப்பது போல அவ்வளவு சுலபமாகச் சொன்னார்.

ஆனால் வரி பறிபோனதற்காக அம்மா ஸ்பூனைத் தட்டவில்லை. அந்த மூச்சுக்காக.

அந்தக் கீழ்க்குரல் அடி ரொம்ப நீளம். 'எங்களோடு இருந்துவிடு' என்று அர்த்தம் வரும் வேற்றுமொழி வரி. எந்த மனுஷனுடைய மூச்சுக்கும் முழுசாக அடங்காது. கோரஸில் அது சிக்கலே இல்லை. பக்கத்தில் நிற்பவள் இழுக்கும்போது நீ மூச்சு எடுத்துக்கொள்ளலாம், நீ இழுக்கும்போது அவள் எடுத்துக்கொள்வாள். கேட்கிறவர்களுக்கு எங்கேயும் வெட்டுத் தெரியாது. கண்டக்டர் அதை ஒரே ஒரு கிளாரினெட்டுக்குத் தனியாக எழுதினார். பியானோவுக்கும் ஆர்கனுக்கும் மூச்சு முட்டாது அல்லவா, அதனால் மூச்சைப் பற்றி அவருக்கு ஞாபகமே வரவில்லை. ஒத்திகையில் அப்பாவுக்கு முகம் நீலம் பாரித்த பிறகுதான் பென்சிலை எடுத்து ஓர் இடத்தில் சின்னக் கீறல் போட்டார். இங்கே மூச்சு எடு. அந்த இடம் ஒரு வார்த்தைக்கு நட்டநடுவில் இருந்தது. காகிதத்தில்தான் வார்த்தையே இல்லையே, அவருக்கு எப்படித் தெரியும்?

அம்மாவுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும் அங்கே ஒவ்வொரு தரமும் ஒரு வார்த்தை இரண்டாக அறுபட்டது. நன்றாக இருந்த காலத்தில் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். படுக்கையில் விழுந்த பிறகு போக இடமில்லை. கண்டக்டர் அந்தப் பாட்டை இந்த வருடம் ரெக்கார்டு செய்யப்போகிறார். அப்பா தினமும் நான்கு மணி நேரம் பழகினார். அம்மா ஸ்பூனைக் கையில் எடுத்தாள்.

மாலை நான்கு மணிக்கு மகள் வெந்நீர் வைக்கப் போனாள். அடுப்படியிலிருந்து கிளாரினெட் கேட்டது. நீளமாக ஏறி, வளைந்து, அந்த இடத்துக்கு வந்தது. மூச்சு.

டிங் வரவில்லை.

கிளாரினெட் நின்றது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. மூச்சு. இல்லை. மூன்றாம் தரம் ஆரம்பித்து, பாதியிலேயே விட்டது. கதவு திறக்கும் சத்தம்.

மகள் வந்தபோது அப்பா நிலைப்படியிலேயே நின்றுகொண்டிருந்தார், கிளாரினெட்டை மார்போடு சாய்த்துப் பிடித்தபடி.

"தூங்கிட்டாளா?" என்றார்.

ஸ்பூன் போர்வை மடிப்பில் கிடந்தது. சிலிண்டர் தன் பாட்டுக்குக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. மகள் வெந்நீரைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு சிலிண்டரை மூடினாள்.

அப்பா திரும்பி உள்ளே போனார். ஊதுவாயிலிருந்த நாணல் ரீடைக் கழற்றி, துடைத்து, அதன் சின்ன டப்பாவில் வைத்தார். கிளாரினெட்டை ஐந்து துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் துணியை விட்டு இழுத்து, பெட்டியில் அடுக்கி, இரண்டு கொக்கியையும் போட்டார். அதற்குப் பிறகுதான் வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தார். ஈரம் தங்கினால் கட்டை வெடித்துவிடும். அது மகளுக்கும் தெரியும். தெரிந்ததால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கண்டக்டர் இருட்டுவதற்கு முன்பே வந்துவிட்டார். அம்மாவின் முகத்தைக் குனிந்து பார்த்தார். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"நல்லாப் பாடுவாங்க உங்கம்மா. கடைசியில கொஞ்சம் சுதி இறங்கும், அவ்வளவுதான்," என்றார் மகளிடம். பிறகு அப்பாவைப் பார்த்து, "நாளைக்கு மயானத்துல நாம நாலு பேர் வாசிச்சுடலாம்பா. ரெண்டு வயலின், ஒரு செல்லோ, நீ. அதையே சின்னதா வாசிச்சா போதும். அவங்க பாடின பாட்டு, பொருத்தமா இருக்கும்."

அப்பா தலையாட்டினார்.

"வேணாம் சார்," என்றாள் மகள்.

"என்னம்மா?"

"அந்தப் பாட்டு வேணாம். அம்மா வேணாம்னு சொல்லியிருக்காங்க. எங்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க."

"நோவுல இருக்கறவங்க ஆயிரம் சொல்லுவாங்க. அதையெல்லாம் மனசுல வெச்சுக்கக் கூடாது." கண்டக்டர் குரலைத் தாழ்த்தி, பாடம் நடத்துகிற மாதிரி சொன்னார். "நான் ஏன் மாத்தி எழுதறேன்? பழசு செத்துடக் கூடாதுன்னுதான்."

"ஆமா சார். யார் வேணா சாகலாம், பழசு மட்டும் சாகக் கூடாது."

"ஏய்!" என்றார் அப்பா. அன்றைக்கு அவர் குரல் உயர்ந்தது அந்த ஒரு தடவைதான். அம்மா செத்ததற்குக்கூட உயராத குரல்.

"படிச்ச பொண்ணு, அப்படித்தான் பேசும்," என்று கண்டக்டர் எழுந்துகொண்டார். "பதினோரு மணிக்கு ஆரம்பிச்சுடலாம். பன்னெண்டுக்கு எனக்கு ஒத்திகை இருக்கு."

மறுநாள் காலை எட்டு மணிக்கு மகள் அரங்கத்துக்கு நடந்தாள். டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் டிக்கெட் அக்கா சில்லறையை அடுக்கிக்கொண்டிருந்தாள். கோரஸில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று பாடியவள். கடிதம் வந்த மறுமாதமே கண்டக்டரைப் போய்ப் பார்த்து, அழுது, இந்த ஜன்னலை வாங்கிக்கொண்டவள்.

"நீங்க வந்து பாடணும்க்கா. அம்மாவுக்காக. அந்த ஒரு அடி போதும்."

அக்கா ஜன்னல் கதவைப் பாதி இறக்கினாள். "மெதுவாப் பேசுடி. எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு."

"ஒரு அடிக்கா."

"ஒரு அடிதான். ஆனா எவ்வளவு நீளம்னு உனக்குத் தெரியுமா? உங்கம்மா இழுக்கறப்ப நான் எடுப்பேன், நான் இழுக்கறப்ப அவ எடுப்பா. பதினோரு வருஷம் இடிச்சுக்கிட்டு நின்னோம். அவ தோள் ஏறினா என் தோள் இறங்கும்." அக்கா ஒரு நாணயத்தை எடுத்து அதே இடத்தில் திரும்ப வைத்தாள். "ஒத்தையா நின்னா நானும் உங்கப்பன் எடுக்கற அதே இடத்துலதான்டி எடுப்பேன். அதுக்கு நான் எதுக்கு? அவரே வாசிச்சுட்டுப் போறாரு."

எட்டு மாதம் அம்மா தட்டியது, ஒரு மனுஷனால் முடியவே முடியாத ஒன்றுக்காகவா?

"அப்ப அப்பா மேல தப்பே இல்லையா?"

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டாவது கிளாரினெட்காரன் ஒருத்தன் பக்கத்துலயே சும்மா உக்காந்திருக்கான். அவனையும் சேர்த்துக்கிட்டா முடிஞ்சுது. மாத்தி மாத்தி எடுத்துக்கலாம், வெட்டே தெரியாது. உங்கப்பனுக்கு இது தெரியாதா என்ன?"

வீட்டுக்குத் திரும்பியபோது அப்பா கறுப்புக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவை. காலருக்குக் கீழே பழுப்பாக ஒரு தீய்ந்த தழும்பு விழுந்திருந்தது.

"ரெண்டாவது ஆளையும் சேர்த்து வாசிக்கலாம்னு கண்டக்டர்கிட்ட நீங்க ஏன் கேக்கல?"

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"ரெண்டு பேர் வாசிச்சா அப்புறம் அது சோலோ இல்லையே," என்றார். குடை எடுத்துப் போகாததற்குக் காரணம் சொல்வது போலச் சொன்னார். "முப்பத்தஞ்சு வருஷத்துல எனக்குன்னு வந்தது அது ஒண்ணுதான். நிகழ்ச்சி அட்டையில பேர் போடுவாங்க."

"அம்மாவுக்கு இது தெரியுமா?"

"அவதான் முதல் நாளே சொன்னா, ரெண்டு பேரா வாசிங்கன்னு." கோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துத் தழும்பைப் பார்த்தார். "இது தெரியுமா தூரத்துலேர்ந்து?"

மகள் அம்மாவின் அறைக்குப் போய், போர்வை மடிப்பிலிருந்த ஸ்பூனை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பாட்டை நிறுத்த அவளால் முடியாது. ஆனால் அந்த இடம் வரும்போது, எல்லோர் முன்னாலும், கண்டக்டர் காதில் விழும்படி ஒரு தட்டு தட்ட முடியும். எதற்கு என்று யாராவது கேட்டால் சொல்லவும் முடியும்.

மின்மயானத்தின் முன்கூடத்தில் இருபது நாற்காலி போட்டிருந்தார்கள். அம்மாவை வைத்த பெட்டி தள்ளுவண்டியில் இருந்தது, அதற்குப் பின்னால் சாம்பல் நிறத் திரை. மகள் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். யாரோ குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த எவர்சில்வர் டம்ளர் கையில் இருந்தது. பின் வரிசையில் டிக்கெட் அக்கா, தலைமுக்காட்டோடு. சரியாகப் பதினோரு மணிக்கு கண்டக்டர் கையைத் தூக்கினார். நான்கு பேருக்கு அந்தக் குச்சி தேவையே இல்லை. இருந்தும் கொண்டுவந்திருந்தார்.

வயலின் ஆரம்பித்தது. கிளாரினெட் உள்ளே வந்தது. நன்றாகத்தான் வாசித்தார், அதை இல்லை என்று சொல்ல முடியாது. நீளமாக ஏறி, வளைந்து, அந்த இடத்துக்கு வந்தது. மகள் பைக்குள் கையை விட்டு ஸ்பூனை எடுத்தாள்.

மூச்சு. கூடம் முழுக்கக் கேட்டது.

அடுத்த ஸ்வரம் வரவில்லை.

அப்பாவின் விரல்கள் துளைகளின் மேல் தயாராக இருந்தன. உதட்டில் கிளாரினெட் இருந்தது. நெஞ்சு நிறையக் காற்று இருந்தது. வயலின்காரர்கள் பிடித்த ஸ்வரத்தை விடாமல் இழுத்தார்கள். கண்டக்டரின் கை அந்தரத்தில் நின்றது. பின்னால் யாரோ "பாவம், தாங்க முடியல" என்று விசும்பினார்கள்.

மகளுக்குத் தெரிந்தது, அது அழுகை இல்லை. அப்பாவின் கண் முதலில் பெட்டிக்குப் போனது. அங்கிருந்து அவளுக்கு வந்தது. அவள் இடது கையிலிருந்த டம்ளரைப் பார்த்தது, வலது கையிலிருந்த ஸ்பூனைப் பார்த்தது, அங்கேயே நின்றது. ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டு போதும், பழகிய வண்டி மாதிரி அவர் மேலே போய்விடுவார். கடைசி வரைக்கும் வாசித்து முடித்துவிடுவார்.

வில் நுனிவரை போய், ஒரு வயலின் ஓய்ந்தது. பிறகு மற்றது, அதோடு செல்லோவும்.

மகள் டம்ளரை நாற்காலிக்கு அடியில் வைத்தாள். ஸ்பூனைப் பைக்குள் போட்டாள். அந்தப் பையின் ஜிப் எப்போதும் பாதியில் சிக்கும். இரண்டு கையாலும் பிடித்து, நிதானமாக இழுத்து மூடினாள்.